ஆல்பத்துக்கு முன்பே வந்துவிடுகிற ஆல்பம்

2017 ஆகஸ்டில் ஒரு நாள் டெய்லர் ஸ்விஃப்ட்டின் இன்ஸ்டாகிராம் பக்கம் துடைத்துவிட்டதுபோல் காலியானது. படம் இல்லை, பதிவு இல்லை, ஒன்றுமே இல்லை. சில நாள் கழித்து ஒரு பாம்பு வால் நெளிகிற குட்டி வீடியோ மட்டும் வந்தது, அதிலும் பாட்டு கிடையாது, பேச்சு கிடையாது. நவம்பர் 10-ஆம் தேதி 'ரெப்யூட்டேஷன்' ஆல்பம் வெளியாகும் வரைக்கும் ரசிகர்கள் அந்த வாலைப் பிடித்துக்கொண்டே போனார்கள். பக்கத்தைக் காலி செய்யும் உத்தி அவர் கண்டுபிடித்ததில்லை, அதற்கு முந்தைய வருடமே ரேடியோஹெட் குழு இதைச் செய்திருந்தது. ஆனால் இன்றைக்கு எந்தப் பாப் பாடகரின் பக்கம் வெறிச்சோடினாலும் ஹேக் ஆகிவிட்டதோ என்று யாரும் பதறுவதில்லை. சரி, ஆல்பம் வருகிறது என்று புரிந்துகொள்கிறோம்.

நான் இந்த விளையாட்டையெல்லாம் ரசிக்கிற ஆள்தான். போஸ்டரில் கடிகார முள் எங்கே நிற்கிறது, நகப்பூச்சு என்ன நிறம் என்று கணக்குப் போடுகிற ரசிகர்களைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வராது, அவர்களில் பாதி பேர் என் நண்பர்கள். எனக்கு உறுத்துவது வேறு. ஆல்பத்தை முதலில் செய்து முடிக்கிறார்கள், அப்புறம் அதை விளம்பரம் செய்கிறார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம் இல்லையா, அந்த வரிசையே இப்போது கிடையாது. விளம்பரம் பாட்டு எழுதுகிற அறைக்குள்ளேயே முதல் நாள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பாட்டு எவ்வளவு நேரம் ஓட வேண்டும், பல்லவி எத்தனையாவது நொடியில் வர வேண்டும், ஆல்பத்தில் எத்தனை பாட்டு, எது முதலில், எந்த வெள்ளிக்கிழமை என்பது வரைக்கும் அது கைவைக்கிறது.

முதலில் பணத்தைச் சொல்லிவிடுகிறேன். 2011-இல் அமெரிக்காவின் என்பிஆர் வானொலியில் 'பிளானட் மணி' நிகழ்ச்சிக்காரர்கள் ரிஹானாவின் 'மேன் டவுன்' என்ற ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு அதற்கு ஆன செலவைக் கணக்குப் போட்டார்கள். எழுதிப் பதிவு செய்து முடிக்கச் சுமார் 78,000 டாலர். அதை மக்கள் காதில் கொண்டுபோய்ப் போடச் சுமார் பத்து லட்சம் டாலர். செய்கிற செலவைப்போல் பன்னிரண்டு பதின்மூன்று மடங்கு, சொல்கிற செலவு. இப்படி இருக்கும்போது சொல்கிற ஆட்களின் குரல் செய்கிற இடத்தில் ஒலிக்காமல் இருக்குமா?

அந்தப் பாட்டு பிறந்தது ஒரு 'ரைட்டிங் கேம்ப்'பில். பெரிய பாப் ஆல்பங்கள் பலவும் இப்படித்தான் பிறக்கின்றன. நிறுவனம் ஸ்டுடியோ அறைகளை மொத்தமாக வாடகைக்கு எடுத்து, தாளமும் இசையும் போடுபவர்களை ஒரு பக்கம், மெட்டும் வரியும் எழுதுபவர்களை ஒரு பக்கம் வரவழைத்து, இன்றைக்கு நீ இவரோடு, நாளைக்கு அவரோடு என்று ஜோடி மாற்றி மாற்றி உட்கார வைக்கும். காலையில் யாரோ ஒருவர் நான்கு கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு, சுற்றிச் சுற்றி வருகிற ஒரு ட்ராக்கை ஓட விடுவார், இன்னொருவர் மைக் முன்னால் நின்று வாய்க்கு வந்ததை முனகுவார். வார்த்தையே இருக்காது, வெறும் தத்தகாரம். மெட்டு பிடித்துப்போனால்தான் அர்த்தத்தைத் தேடுவார்கள். இதில் கேவலம் ஒன்றும் இல்லை, 'யெஸ்டர்டே' மெட்டுக்கு பால் மெக்கார்ட்னி முதலில் போட்டு வைத்திருந்த வரி 'ஸ்கிராம்பிள்டு எக்ஸ்', அதாவது முட்டைப் பொரியல். இப்படிக் குவிகிற பாட்டுகளில் பெரும்பாலானவை ஆல்பத்துக்கு வராது. சில வேறு பாடகருக்குப் போகும், சில ஹார்டு டிஸ்க்கிலேயே கிடக்கும்.

அடுத்த கட்டம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒலிப்பொறியாளர் நண்பர் ஒருவர் இருக்கிறார், அவருடைய ஸ்டுடியோவில் மூலையில் கிடக்கிற சோபாவில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்க எனக்கு அனுமதி உண்டு. தன் காசைப் போட்டு ஆல்பம் செய்கிற ஒரு இளம் பாடகி பாட வந்திருந்தார். ஒரே வரி. அதை முழு மூச்சில் பாடினார், முணுமுணுத்துப் பாடினார், கோபமாகப் பாடினார், சிரித்துக்கொண்டே பாடினார், நண்பர் ஒவ்வொன்றையும் தனித்தனி டேக்காக ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனார். பிறகு திரையில் அந்த அலைவரிகளைப் பெரிதாக்கி, இந்த டேக்கில் முதல் இரண்டு சொல், அதில் மூன்றாவது சொல்லின் கடைசி எழுத்து மட்டும், இன்னொன்றில் முடிகிற இழுப்பு என்று வெட்டி ஒட்ட ஆரம்பித்தார். 'காம்ப்' செய்வது என்பார்கள். நாம் ஒரே மூச்சில் பாடியதாக நம்பிக் கண்கலங்குகிற வரி இப்படி ஐந்தாறு துண்டுகளின் ஒட்டாக இருக்கக்கூடும், ஒட்டு எங்கே என்று தெரியாமல் இருப்பதில்தான் வேலையே இருக்கிறது. வரிக்கு முன்னால் மூச்சு இழுக்கிற சத்தத்தை அவர் நீக்கப் போனபோது அந்தப் பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அண்ணா, அந்த மூச்சை மட்டும் வெட்டிடாதீங்க, நான் அழப்போறேன்னு அதுலதான் தெரியும்" என்றார். "சரிம்மா, இருக்கட்டும். சத்தத்தைக் கொஞ்சம் இறக்கிக்கறேன்." மூச்சு பிழைத்தது.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. குரலையும் வாத்தியங்களையும் கலந்து சமன் செய்கிற மிக்ஸிங் தொடங்கவே இல்லை, பாஸ் கிட்டார் இன்னும் வாசித்தாகவில்லை, அதற்குள் பாடகியின் மேனேஜரிடமிருந்து போன்: பல்லவியில் பதினைந்து நொடி மட்டும் தனியாக வேண்டும், நெட்டில் போட்டுப் பார்க்க வேண்டும். நண்பர் முனகிக்கொண்டே அனுப்பினார். இப்போதெல்லாம் எல்லோருமே முதலில் கேட்பது இதைத்தானாம், முழுப் பாட்டை அப்புறம்தான் கேட்கிறார்களாம். துண்டு நன்றாக ஓடினால் அந்தப் பாட்டுக்கு முன்னுரிமை, ஓடாவிட்டால் வேறு இடத்தில் வெட்டி இன்னொரு துண்டு. அந்தப் பதினைந்து நொடிக்குள் மூச்சு வரவில்லை, அது வேறு விஷயம்.

பதினைந்து நொடி போலவே இன்னொரு நொடிக்கணக்கும் உண்டு, முப்பது நொடி. ஸ்பாட்டிஃபை கணக்கில் ஒரு பாட்டை முப்பது நொடியாவது கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாகப் பதிவாகும். அதற்குள் ஆள் தள்ளிவிட்டுப் போய்விட்டால் ஒன்றுமில்லை. இது தெரிந்த பிறகு எவருக்கு நீளமான முன்னிசை வைக்கத் துணிச்சல் வரும்? மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' பாட்டில் குரல் வருவதற்கே கிட்டத்தட்ட அரை நிமிடம் ஆகும். அப்போதே தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ் நீளம் அதிகம், குறைக்கலாம் என்றார். அதைக் கேட்டால்தான் தனக்கு ஆடத் தோன்றுகிறது என்று ஜாக்சன் பிடிவாதமாக நின்றார், அரை நிமிடம் தப்பியது. இன்றைக்கு ஒரு புதுப் பாடகரால் அப்படி நிற்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

பழைய காலத்தில் எல்லாம் சுத்தக் கலையாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. அப்போது இசைத்தட்டு உத்தரவு போட்டது. 1982-இல் 'த்ரில்லர்' ஆல்பத்தை முடித்துவிட்டோம் என்று எல்லோரும் உட்கார்ந்து கேட்டபோது சத்தம் சப்பென்று இருந்தது. ஒரு பக்கத்தில் அளவுக்கு மீறி நிமிடங்களை அடைத்திருந்தார்கள். நேரம் கூடினால் வரிப்பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், நெருக்கினால் சத்தத்தையும் அடிநாதத்தையும் குறைத்தாக வேண்டும். தேதி தலைக்கு மேல் நின்றபோதும் பாட்டுகளைக் குறுக்கி, ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி மிக்ஸ் செய்தார்கள். நவம்பர் 30-ஆம் தேதி ஆல்பம் வந்தது, பாட்டு மொத்தம் ஒன்பது, அதில் ஏழு தனிப்பாட்டாகவும் வெளியாகின.

அந்த இசைத்தட்டு இப்போது திரும்பி வந்திருக்கிறது, கூடவே அதன் அவஸ்தையும். வினைல் அச்சடிக்கிற ஆலைகள் உலகத்தில் குறைவு, அதனால் பாட்டைப் பல மாதம் முன்பே முடித்துக் கொடுத்தாக வேண்டும். 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் அப்பல்லோ மாஸ்டர்ஸ் என்ற ஆலை எரிந்துபோனது. முதல் வார்ப்புக்கு வேண்டிய லாக்கர் தட்டுகளை உலகத்தில் செய்துகொண்டிருந்ததே இரண்டு இடங்கள்தான், அதில் ஒன்று அது. அடுத்த வருடம் நவம்பர் 19-ஆம் தேதி அடேலின் '30' வந்தபோது ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகள் அச்சானதாகச் செய்திகள் வந்தன, ஆலைகளில் இடமே கிடைக்கவில்லை என்று எட் ஷீரன் பேட்டியில் புலம்பினார். அடேலின் முதல் பாட்டு நம் காதுக்கு வந்தது அக்டோபர் 15. அந்தத் தேதிக்கு ரொம்ப நாள் முன்பே ஆல்பம் கல்லில் செதுக்கியாகிவிட்டது. இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும், ஏனென்றால் ரசிகர்கள் அந்த வாரங்களில் "கடைசி நிமிட மாற்றம் ஏதாவது செய்கிறாரோ" என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அவரால் ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது.

ஏன் வெள்ளிக்கிழமை? 2015 ஜூலை 10 வரைக்கும் பிரிட்டனில் திங்கள், அமெரிக்காவில் செவ்வாய் என்று ஆளுக்கொரு நாள் இருந்தது. ஒரு நாட்டில் வந்ததை இன்னொரு நாட்டுக்காரர் திருட்டுத்தனமாக இறக்கிக் கேட்டார், அதனால் உலகம் முழுக்க வெள்ளி என்று இசைத்துறை முடிவு செய்தது. எந்த ஆல்பம் முன்னணியில் என்று வாராவாரம் வரிசைப்படுத்துகிற அமெரிக்கப் பில்போர்டு பட்டியலின் வாரமும் வெள்ளி முதல் வியாழன் வரை. முதல் ஏழு நாளில் கிடைக்கிற எண்தான் தலைப்புச் செய்தி.

அந்த எண்ணுக்காகச் செய்கிற வேலைகள் தனி உலகம். பில்போர்டு 2014 டிசம்பரில் ஒரு கணக்கு வைத்தது: ஆல்பத்தின் பாட்டுகள் 1,500 முறை ஓடினால் ஒரு ஆல்பம் விற்றதற்குச் சமம். பிறகு காசு கட்டிக் கேட்பவர், விளம்பரத்தோடு சும்மா கேட்பவர் என்று பிரித்து எண்களை மாற்றினார்கள். எந்த எண்ணாக இருந்தாலும் பலன் ஒன்றுதான், பாட்டு அதிகமானால் கணக்கும் அதிகம். இருபதுக்கு மேல் பாட்டு வைத்து வருகிற ஆல்பங்களைப் பார்த்து "எவ்வளவு வள்ளல்" என்று உருகுகிறவர்களைக் கண்டால் எனக்கு இந்த எண்தான் ஞாபகம் வரும். டீஷர்ட்டோடும் கச்சேரி டிக்கெட்டோடும் ஆல்பத்தைக் கட்டிக் கொடுத்து, டீஷர்ட் வாங்கியவரையெல்லாம் ஆல்பம் வாங்கியவராக எண்ணிக்கொண்டிருந்த காலமும் இருந்தது. 2020 அக்டோபரில் அதற்குக் கடிவாளம் போட்டார்கள். உடனே ஒரே ஆல்பம் நான்கைந்து அட்டைகளில், நிறங்களில் வர ஆரம்பித்தது. டெய்லர் ஸ்விஃப்ட்டின் 'மிட்நைட்ஸ்' (2022) இசைத்தட்டு நான்கு விதமாக வந்தது, நான்கின் பின்னட்டையையும் சேர்த்து வைத்தால் ஒரு கடிகாரம் ஆகும். பாட்டு எல்லாவற்றிலும் அதேதான். யோசித்தவர் மூளையை மெச்சாமல் இருக்க முடியவில்லை, வாங்குகிறவர் பர்ஸை நினைத்தால் மெச்சவும் முடியவில்லை.

முன்னோட்டப் பாட்டு விஷயத்தில் எனக்கு நிஜமாகவே கோபம் உண்டு. முதல் சிங்கிளை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் தெரியுமா? ஆல்பத்தின் நல்ல பாட்டு எது என்று பார்த்தல்ல, யாரையும் பயமுறுத்தாத பாட்டு எது என்று பார்த்து. 'த்ரில்லர்' ஆல்பத்திலிருந்து முதலில் வந்ததே மெக்கார்ட்னியோடு பாடிய 'த கேர்ள் இஸ் மைன்' என்ற சாதுவான பாட்டுதான், அதைக் கேட்டுவிட்டு அந்த ஆல்பத்தை எவராலும் ஊகித்திருக்க முடியாது. இப்போது ஒரு சிங்கிளோடு விடுவதில்லை. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று பன்னிரண்டு எழுத்தெண் அடையாளம் ஒன்று உண்டு. இரண்டாவது பாட்டை வெளியிடும்போது முதல் பாட்டையும் அதே அடையாளத்தோடு கூடச் சேர்த்து வெளியிடுவார்கள், மூன்றாவதோடு முந்தைய இரண்டும். கேட்ட கணக்கு அழியாமல் கூடிக்கொண்டே வரும், ஒன்றைக் கேட்க வந்தவர் அடுத்ததில் வழுக்கி விழுவார். அருவி முறை என்று இதற்குப் பெயர். இதோடு ஸ்பாட்டிஃபையின் பாட்டுத் தொகுப்பாளர்களிடம் விண்ணப்பிக்க வேண்டும், வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பாக, அதுவும் ஒரு சமயத்தில் ஒரு பாட்டுக்கு மட்டும். ஆகவே தொகுப்பில் இடம் கேட்டு அடிக்கடி கதவைத் தட்ட வேண்டுமானால் அடிக்கடி ஒரு பாட்டை விட்டாக வேண்டும். தொழில் என்று பார்த்தால் நியாயம்தான். ஆனால் பன்னிரண்டு பாட்டில் ஐந்தை முன்பே கேட்டுச் சலித்தவனுக்கு ஆல்பம் வந்த நாளில் மிச்சம் ஏழுதான். பாடகி மாதக்கணக்கில் உட்கார்ந்து எதற்குப் பின் எது என்று அடுக்கிய வரிசை, ஒரு பாட்டு முடிகிற சுருதியிலேயே அடுத்தது எழும்புகிற அந்தத் தையல், நமக்குக் கிழிந்துதான் கிடைக்கிறது. 2021-இல் ஆல்பத்தைக் கலைத்துப்போட்டுக் கேட்காதீர்கள் என்று அடேல் கேட்டுக்கொண்டதும், ஆல்பப் பக்கங்களில் முன்னால் நின்ற ஷஃபிள் பொத்தானை ஸ்பாட்டிஃபை பின்னால் தள்ளியது. வரிசையைக் காப்பாற்ற அடேல் அளவுக்கு ஆள் தேவைப்படுகிறது.

இதையெல்லாம் உடைத்தவரும் உண்டு. 2013 டிசம்பர் 13 நள்ளிரவில் பியான்சே ஒரு வார்த்தை சொல்லாமல் 14 பாட்டும் 17 வீடியோவுமாக ஆல்பத்தை ஐடியூன்ஸில் வைத்தார். மூன்று நாளில் உலக அளவில் எட்டு லட்சத்துக்கு மேல் விற்றது. முதலில் இணையத்தில் மட்டும் விற்ற கடுப்பில் டார்கெட் கடைக்காரர்கள் அதன் சிடியை வைக்க மாட்டோம் என்றார்கள். விளம்பரமே இல்லாமல் வெற்றி என்று அன்றைக்கு எல்லோரும் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, 17 வீடியோவை எடுத்து முடிக்கும் வரை அத்தனை ஆட்களின் வாயைக் கட்டி வைப்பதைவிடப் பெரிய விளம்பர ஏற்பாடு என்ன இருக்கிறது? அதை அடுத்த வருடம் யூ2 குழு தலைகீழாகச் செய்தது. ஆப்பிளோடு சேர்ந்து கிட்டத்தட்ட ஐம்பது கோடி ஐடியூன்ஸ் கணக்குகளில் தங்கள் ஆல்பத்தைக் கேட்காமலே போட்டுவிட்டார்கள். கிடைத்தது நன்றி அல்ல, திட்டு. அதை நீக்குவதற்கென்றே ஆப்பிள் தனியாக ஒரு பக்கம் திறக்க வேண்டியிருந்தது. ஓசியில் கொடுத்தாலும் காத்திருந்து வாங்கினோம் என்ற நினைப்பு ரசிகனுக்கு வேண்டும்போல.

வாயைக் கட்ட முடியாதபோது கசிவு. மடோனாவின் 'ரெபெல் ஹார்ட்' பாட்டுகள் அரைகுறை வடிவத்தில் 2014 டிசம்பரில் வெளியே வந்துவிட்டன. வேறு வழியில்லாமல் அந்த மாதம் 20-ஆம் தேதி ஆறு பாட்டை அவசரமாக வெளியிட்டார். கணினிக்குள் புகுந்து திருடியவர் இஸ்ரேலில் பிடிபட்டு 14 மாதச் சிறைக்குப் போனார். அடுத்த மாதமே பியோர்க்கின் 'வல்னிகுரா' கசிந்து, மார்ச்சில் வரவேண்டியது ஜனவரியில் வந்தது. பாடகி சார்லி எக்ஸ்சிஎக்ஸின் கதை இன்னும் மோசம், அவருடைய மூன்றாவது ஆல்பம் 2017-இல் கசிந்து, வெளியாகாமலே போனது. கசிந்ததை முதலில் கேட்டேன் என்று பெருமை அடிப்பவர்கள் கேட்டது அந்த வெட்டி ஒட்டுகிற வேலை முடியாத குரலை.

அதே சார்லிதான் 2024-இல் 'பிராட்' என்று வந்தார். அட்டையில் அவர் முகம்கூட இல்லை, கண்ணைக் குத்துகிற பச்சையில் மங்கலான ஒரு சொல். இவ்வளவுதானா, மலிவாக இருக்கிறதே என்று முதலில் திட்டினார்கள். பிறகு எவர் வேண்டுமானாலும் தன் சொல்லை அந்தப் பச்சையில் போட்டுக்கொள்கிற கருவி ஒன்று வந்தது, அட்டை ரசிகர்களின் கைக்குப் போனது. புரூக்ளினில் ஒரு சுவருக்குப் பச்சை அடித்து, அதில் அவ்வப்போது வாசகத்தை மாற்றினார்கள், கூட்டம் அங்கே போய் நின்றது. கமலா ஹாரிஸின் தேர்தல் பிரசாரம்கூட அந்தப் பச்சையை எடுத்துப் பூசிக்கொண்டது. இத்தனைக்கும் அடியில் கிடப்பது பொறாமையும் தன் மேலேயே சந்தேகமும் கலந்த, கேட்டால் கூச்சம் தருகிற பாட்டுகள். விளம்பரமும் ஆல்பமும் ஒரே புத்தியிலிருந்து வந்தவை என்பதால் ஒன்றை ஒன்று கெடுக்கவில்லை, என் அபிப்பிராயம் இது.

செலவு யார் தலையில் என்று கேட்டால், பெரும்பாலும் பாடுபவர் தலையில்தான். நிறுவனம் தருகிற முன்பணம், ஸ்டுடியோ வாடகை, தயாரிப்பாளர் சம்பளம் எல்லாமே அவருடைய பங்கிலிருந்து பிடிக்கப்படும் கடன், வீடியோ செலவிலும் பல ஒப்பந்தங்களில் பாதி அப்படித்தான். எல்லாம் கழிந்த பிறகே அவர் கைக்கு ராயல்டி. நண்பரின் ஸ்டுடியோவுக்கு வந்த பெண்ணுக்கு நிறுவனம் கிடையாது, அவரே எல்லாம், அதனால் கடனுக்குப் பதில் சேமிப்பு கரைந்துகொண்டிருக்கிறது. அவருடைய ஆல்பத்துக்கு இன்னும் தேதி வைக்கவில்லை. பதினைந்து நொடித் துண்டு இரண்டு போட்டிருக்கிறார், ஒன்று சுமாராக ஓடுகிறது.

முன்னோட்டப் பாட்டில் முதலாவதை மட்டும் கேட்பேன், மற்றதை ஆல்பம் வரும் வரை தொடுவதில்லை, நண்பர்கள் அனுப்பினாலும் திறப்பதில்லை. ஒன்றே ஒன்று என்னால் சமாளிக்க முடியாதது 'டீலக்ஸ்'. 'பிராட்' வந்தது ஜூன் 7. மூன்றே நாள் கழித்து கூட மூன்று பாட்டோடு இன்னொரு பதிப்பு. அதன் தலைப்பிலேயே அது அதேதான், ஆனால் மூன்று பாட்டு கூட இருப்பதால் அது இல்லை என்று எழுதியிருந்தார்கள். சிரித்துவிட்டு, முதல் பாட்டிலிருந்து திரும்பக் கேட்டேன்.